ஆனி மாதத்து அந்தமான்

என் ஓரகத்தியின் மகன் அந்தமானில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறான். போன மாசியில் எனக்குப் போன் செய்தான். அவன் அம்மா பருத்திக்காட்டுக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிடுவாள். அதனால் அவளுக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம்தான் சொல்வான்.

“பெரியம்மா, அம்மா இங்க வரேங்குது. ஆனி ஆடியில கிளம்பிடப் போவுது. அப்ப இங்க விடாத மழை. சின்னத் தீவுக்கெல்லாம் போட் போகாது. தையிலேருந்து பங்குனி வரைக்கும்தான் நல்லாருக்கும்னு சொல்லிடுங்க.”

சரிப்பா என்றேன். ஆனால் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. அவள் எனக்குப் பிறகு இந்தக் குடும்பத்துக்கு வந்தவள். நான் கடல் என்று பார்த்தது வேளாங்கண்ணியில் ஒரே ஒரு தரம். அவளுக்குப் பிளைட்டும் தீவும்.

எங்கள் பக்கம் பருத்திக்காட்டைப் பார்த்துத்தான் ஊருக்குப் போக நாள் குறிப்போம். தை மாசியில் பருத்தி வெடித்துக் கிடக்கும், யாரும் நகர முடியாது. ஆனியில் காடு சும்மா கிடக்கும். காற்றுதான் அடிக்கும், மழை இருக்காது. அங்கேயும் அப்படித்தான் என்று அவள் நினைத்தாள். டிக்கெட் போடப் பெரம்பலூருக்குப் போகிற வழியில் வந்து, ஆனி சரிதானே அக்கா என்று கேட்டாள்.

“எனக்கென்ன தெரியும், போயிட்டு வா” என்றேன். நான் எப்போதும் அதிகம் பேசாதவள். அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. டிக்கெட் போட்ட பிறகுதான் மகனுக்கே சொன்னாளாம்.

அவள் அங்கே இருந்த பத்து நாளும் மழை. அழுதுகொண்டு வருவாள் என்று காத்திருந்தேன். முகம் பளபளவென்று வந்தாள். மழையில் ஓட்டலுக்கு ஆளே வரவில்லையாம், மகனுக்கு லீவாம். அவனே சமைத்துப் போட்டானாம். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலில் மழை விழுவதைப் பார்த்தார்களாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. என் மகன் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறான். அவன் சேர்ந்தாற்போல் ஒரு நாள் என்னோடு உட்கார்ந்து எத்தனையோ வருடமாகிறது.

அப்புறம் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“பெரியம்மா சொல்லலையான்னு கேட்டான்க்கா. சொன்னாங்க, நாந்தான் கேக்கலன்னுட்டேன்.”

எனக்குக் காது சுட்டது.

“தையில நீங்களும் வாங்க. அப்ப போட் போகுமாம்.”

“பருத்தி கிடக்குமே.”

“கிடந்துட்டுப் போவுது.”

தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நாங்கள் இருவரும் போனால் போட்டில் அவன் பக்கத்தில் அவள்தானே உட்காருவாள் என்றுதான் தோன்றியது.

“வரேன்” என்றேன்.