இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நீங்கள் கடைசியாகக் கண்டித்த புத்தகத்தை எத்தனை பக்கம் படித்திருந்தீர்கள்? ஒரு பக்கமும் இல்லை என்றால் கூச்சப்பட வேண்டாம். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், நூலகப் புத்தகங்கள் மீதான புகாரை விசாரிக்கும் ஒரு பள்ளிக் குழுவில் நான்கு பேர் ஏழே பக்கம் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதத் தயாராக இருந்தார்கள். ஐந்தாவது ஆள்தான் காரியத்தைக் கெடுத்தார்.

அந்த ஐந்தாவது ஆள் லோர்னா குசேரா. இருபத்துநான்கு ஆண்டுகளாக ஏழாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர். சோளக்காட்டுச் சாலைகளில் பதினேழு நிறுத்தங்கள், முப்பத்தொரு பிள்ளைகள். வீட்டில் அவர் புரட்டியதெல்லாம் விதைக் கம்பெனி அனுப்பும் பட்டியலும் ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளும்தான். குழுவில் ஆசிரியரல்லாத ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. தலைவர் ராய்ஸ் ஹவெல்கா ஊரில் தீவனக் கடை வைத்திருப்பவர். லோர்னா புத்தகம் பக்கமே போகாதவர் என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு அவரையே நியமித்தார். பேசாமல் கையெழுத்துப் போடுவார் என்பது கணக்கு.

வழக்கு இதுதான். பள்ளி நூலகத்தில் பிள்ளைகள் அடித்துப் பிடித்துப் படிக்கும் நான்கு பாகத் தொடர் ஒன்று இருந்தது. வரப்போகிற காலத்து நகரம். தானியக் களஞ்சியத்தைப் பூட்டிக் காவல் வைத்து, பணிந்து நடப்பவனுக்கு மட்டும் பிடி பிடியாக அளந்து போடும் அரசு. கடைசிப் பாகத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அந்தக் களஞ்சியத்துக்குத் தீ வைக்கிறாள். அந்தப் பாகத்தை நீக்கச் சொல்லி ஒரு தாய் மனுக் கொடுத்திருந்தார். ‘நூலை முழுவதும் படித்தீர்களா?’ என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. ‘தேவைப்படவில்லை’ என்று எழுதியிருந்தார். மனு விசாரணைக்கு ஏற்கப்பட்டது.

ராய்ஸ் ஏழு பக்கங்களை நகலெடுத்து, மஞ்சள் கோடு போட்டு, ஆளுக்கொரு கட்டாக அனுப்பினார். கடைசித் தாள் 211ஆம் பக்கம். களஞ்சியம் எரிகிறது, அந்தப் பெண் சிரிக்கிறாள். அதோடு கட்டு முடிந்துவிட்டது.

லோர்னாவுக்கு ஒரு பழக்கம். மாலையில் கடைசிப் பிள்ளை இறங்கியதும், எந்தக் குழந்தையாவது தூங்கிப்போய்க் கிடக்கிறதா என்று ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வண்டியின் கடைசி வரை நடந்து, அதன் பிறகுதான் பின்கண்ணாடியில் ‘வண்டி காலி’ என்ற அட்டையை மாட்டுவார். பாதி வண்டியைப் பார்த்துவிட்டு அட்டை மாட்டியதே இல்லை. நூலகப் பிரதியைக் கேட்டார். முடிவு வரும்வரை அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கிறது என்றார்கள். முடிவு செய்ய வேண்டிய ஆளுக்கும் கிடையாதாம்.

மறுநாள் தன் வண்டியில் வரும் எட்டாம் வகுப்பு டெசாவிடம் கேட்டார்.

“அந்தக் கடைசி புக்கு உன்கிட்ட இருக்கா?”

“இருக்கு மிஸ் லோர்னா. முதல் மூணும் படிச்சிட்டீங்கல்ல?”

“இல்ல. கடைசி மட்டும் போதும்.”

வண்டியில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

“கடைசிய மொதல்ல படிக்கிறவங்கள உள்ள தள்ளணும்,” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

“கமிட்டில நாலு பேரு நடுவுல ஏழு பக்கம் மட்டும் படிச்சிருக்காங்க. அவங்கள?”

“மறுபடி ஆறாங்கிளாஸ்ல போடுங்க,” என்றாள் டெசா.

அடுத்த நாள் நான்கு பாகங்களும் காகிதப் பையில் வந்தன. பக்க முனையை மடிக்கக் கூடாது, யார் சாகிறார்கள் என்று முன்னாலேயே புரட்டிப் பார்க்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மாலை மணி அடிக்கும்வரை, பள்ளியின் பின்புறத்தில் நிறுத்திய வண்டியில் சூடேற்றியை ஓடவிட்டுப் பன்னிரண்டு நாள் படித்தார். பிள்ளைகள் ஏறும்போதே விசாரித்தார்கள்.

“அந்தப் பொண்ணோட தம்பிக்காரன் இன்னும் உயிரோட இருக்கானா மிஸ் லோர்னா?”

“இருக்கான். ஏன் கேக்குற?”

கேட்டவன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பன்னிரண்டாம் நாள் 211 வந்தது. லோர்னா பக்கத்தைத் திருப்பினார். எரிந்த கதவு விழுகிறது. உள்ளே ஒரு மணி தானியம் இல்லை. நாற்பது ஆண்டுகளாக வெறும் சுவருக்குக் காவல். அதை நம்பித்தான் ஊர் பட்டினி கிடந்து செத்திருக்கிறது. லோர்னா ராய்ஸ் அனுப்பிய கட்டை எடுத்து, கடைசித் தாளின் எண்ணை மறுபடி பார்த்தார்.

கூட்டத்துக்கு ராய்ஸ் ஒரு தட்டு நிறைய பிளம் பழம் வைத்த கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டி கொண்டுவந்திருந்தார்.

“அரை மணில முடிச்சிடலாம். ஊரு திங்கிற தானியத்துக்கு நெருப்பு வைக்கிறா, சிரிக்க வேற செய்றா. விவசாயம் பண்ற ஊருல இதக் குடுக்கலாமா?”

“எவ்வளவு தானியம் எரிஞ்சுது, ராய்ஸ்?” என்று கேட்டார் லோர்னா.

ராய்ஸ் கட்டை முன்னும் பின்னும் புரட்டினார். “நெறையத்தான் இருந்திருக்கும்.”

“ஒண்ணுமே இல்ல. அடுத்த பக்கத்துல இருக்கு. காலிக் கட்டடத்தக் காட்டித்தான் அத்தன வருஷம் மெரட்டியிருக்கானுங்க. கதவு எரிஞ்சதுனாலதான் ஊருக்கே தெரியுது.”

“அந்தப் பக்கம் கமிட்டி பதிவுல இல்லையேம்மா.”

“புக்குல இருக்கே.”

“பதிவுல இருக்கிறத வச்சுத்தான முடிவு பண்ண முடியும். ஒரு கொலாச்சி எடுத்துக்கோ.”

நான்குக்கு ஒன்று. ‘நூலகத்திலும் வகுப்பறைகளிலும் இந்நூல் இருக்கக் கூடாது’ என்று தீர்மானம் எழுதினார்கள். எதிர்த்து வாக்களித்த லோர்னா அதைக் கடைசி எழுத்து வரை இரண்டு முறை படித்தார். பேருந்து என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

எந்தப் பள்ளி வண்டியிலும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொலைந்த பொருள் பெட்டி ஒன்று இருக்கும். ஒற்றைக் கையுறை, தொப்பி, பாதி தின்ற ஆப்பிள். வெள்ளிக்கிழமை இறங்கும்போது டெசா தன் கடைசிப் பாகத்தை அதில் வைத்தாள்.

“என் புக்கு தொலஞ்சு போச்சு மிஸ் லோர்னா.”

“பாத்தா சொல்றேன்.”

திங்கட்கிழமை மூன்றாம் நிறுத்தத்துப் பையன் அதைக் கண்டெடுத்தான். வியாழக்கிழமை தொலைத்தான். மே மாதத்துக்குள் அந்தப் புத்தகம் பத்தொன்பது முறை தொலைந்தது. தொலைந்த பொருள்களின் மாதாந்தரப் பட்டியலில் லோர்னா ஒரு முறையையும் விடாமல் எழுதினார். பள்ளி அலுவலகம் வழியாகப் பட்டியல் ராய்ஸின் கைக்குப் போயிற்று. ஒருநாள் அவரே வண்டிப் படியில் ஏறினார்.

“ஒரே புக்கு பத்தொம்பது தடவ தொலையுமா லோர்னா?”

“இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பே இல்ல ராய்ஸ். நீதான் கமிட்டி போட்டு விசாரிக்கணும்.”

பெட்டியில் கையுறைகளின் மேல் புத்தகம் கிடந்தது. ராய்ஸ் அதைப் பார்த்தார். தொடவில்லை, கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள் இருந்தன. பிறகு இறங்கிப் போய்விட்டார். நூலக அலமாரியில் நான்காம் பாகத்தின் இடம் இன்றுவரை காலிதான்.

உங்கள் ஊருக்கும் ஒருநாள் மஞ்சள் கோடு போட்ட ஏழு பக்கக் கட்டு வரும். கூடவே தட்டில் தின்பதற்கும் ஏதாவது வரும். தின்பதில் தவறில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் எட்டாவது பக்கத்தைக் கேளுங்கள்.