சுமைதாங்கிக் கல்லுக்கு நீல பெயின்ட்

கல்லூரி புராஜெக்டுக்காக இரணியல் கடைத்தெருவின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அங்கே ஒரு கடை வாசலில் பழைய சுமைதாங்கிக் கல் ஒன்று நிற்கிறது. அதில் தேய்ந்துபோன எழுத்துகள். போன வாரம் பாதியைப் படித்தோம். மீதியைப் படிக்க இன்று போனோம்.

கல் முழுக்க நீல எனாமல் பெயின்ட். அதன்மேல் மஞ்சளில் கடையின் பெயரும் போன் நம்பரும்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

"புக்குல போடப்போறோம்னு சொன்னியல்லா மக்களே. கல்லு அழுக்கா கெடந்தா நம்ம ஊருக்குல்லா கொறச்சல்" என்றார் கடைக்காரர்.

"அதுல பழைய எழுத்து இருந்துல்லா?"

"அது ஒண்ணும் தெளிவா இல்ல. இப்பம் பஸ்ஸுல இருந்தே வாசிக்கலாம்."

கோபத்தில் நான் நகத்தால் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தேன். அவரோ சந்தோஷமாக எங்களுக்கு சர்பத் சொன்னார்.

கல்லிலிருந்து பெயின்டை எடுக்கத் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். திங்கட்கிழமை இரண்டாவது கோட் அடிக்கப் போகிறாராம்.