நான் அணைத்த எச்சரிக்கை விளக்கு

எங்கள் பழைய காரின் முகப்பு விளக்குகளுக்கு எல்.இ.டி. பல்பு மாட்டினேன். அது இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால், பல்பு போய்விட்டதாகக் கார் நினைத்துக்கொண்டது. மீட்டரில் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை.

"இன்னாடா இது, எரிஞ்சிக்கினே இருக்குது?" என்றாள் அக்கா.

"அது பொய் சொல்லுதுக்கா" என்று பல்போடு சேர்ந்து கூடுதல் மின்சாரம் இழுக்கும் ஒரு ரெசிஸ்டரை இணைத்து எச்சரிக்கை விளக்கை அணைத்தேன். வீட்டில் முதலில் படித்தவன் நான். யாரும் மறுத்துப் பேசவில்லை.

சில நாள் கழித்து அக்காவையும் அவள் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலையிலிருந்து இறங்கினேன். பொழுது சாய்ந்து, பனி மூடியிருந்தது. ஒரு வளைவில், எதிரே வந்த ஜீப் எங்களை உரசப் பார்த்து, பிரேக் அடித்துக் குறுக்கே நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி எங்களை நோக்கி நடந்தார்.

"கதவப் பூட்டுக்கா" என்றேன். வழிப்பறியோ என்று பயம்.

கண்ணாடியை விரலளவு மட்டும் இறக்கினேன்.

"ஒத்த லைட்ல வர்றியே தம்பி! பைக்குன்னு நெனச்சி அந்தளவுக்குத்தான் எடம் வுட்டேன். கொழந்தய வேற வெச்சிக்கினு..."

என்னை இறங்கவைக்கும் தந்திரமோ?

"பல்பு போயிருந்தா மீட்டர்லயே காட்டுமுங்க" என்றேன்.

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. பல்பு போனாலும் ரெசிஸ்டர் மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்குமே; அது காட்டாதபடி செய்தவனே நான்தானே! இறங்கிப் பார்த்தேன். வலப்பக்க விளக்கு எரியவில்லை.

"பின்னாலயே மெதுவா வா" என்று ஜீப்பைத் திருப்பி, அடிவாரம் வரை எங்களுக்கு முன்னால் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அந்த மனிதரைச் சந்தேகப்பட்ட நான், என் கைவேலையைச் சந்தேகப்படவே இல்லை. மறுநாளே பழைய பல்புகளை மாட்டி, ரெசிஸ்டரைப் பிடுங்கினேன். இப்போதெல்லாம் சாவி போட்டதும் எச்சரிக்கை விளக்கு ஒரு கணம் எரிந்து அணைவதைப் பார்த்த பிறகுதான் வண்டியை நகர்த்துகிறேன்.