அடுத்த வெசாக் வரைக்கும்

கண்டியில் நாங்கள் குடியிருக்கும் சந்து, கட்டுகஸ்தோட்டை ரோட்டில் போய் முட்டுகிறது. முட்டும் இடத்தில் பாதசாரிகள் கடப்பதற்குக் கோடு போட்டிருக்கிறார்கள். வந்த புதிதில் ஒரு கையில் நாலு வயதுக் கதிரையும் இன்னொரு கையில் எட்டு வயது மீனுவையும் பிடித்துக்கொண்டு நான் அங்கே போய் நின்றால், பஸ் நின்றுவிடும். எனக்காகத்தான் நிற்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? மதுரையில் நடுரோட்டில் பஸ் நின்றால் வண்டி மக்கர் என்று அர்த்தம். நான் மரியாதையாக, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டுவேன். டிரைவர், நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டுவார். நான் விடுவேனா, மறுபடியும் காட்டுவேன். பின்னால் வண்டிகள் வரிசை கட்டும். கடைசியில் அவர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுக்க, அந்த நேரம் பார்த்து நான் காலை வைப்பேன். சிம்மக்கல் முக்கில் மீனாட்சியை வேண்டிக்கொண்டு, கையை நீட்டியபடி குறுக்கே பாய்ந்து வளர்ந்தவள் நான். கேட்காமலே கிடைத்த வழியை வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் குமார் கண்டிக்காரர். கல்லூரிப் படிப்புக்காக மதுரைக்கு வந்தவர், படிப்போடு என்னையும் முடித்துக்கொண்டார். "வெளிநாட்டு மாப்பிள்ளை" என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கட்டுகஸ்தோட்டையில் அப்பாவின் ஹார்ட்வேர் கடைதான் சொத்து என்று தெரிந்ததும் பிளந்த வாயை மூடிக்கொண்டார்கள். விசா முடிந்து அவர் ஊர் திரும்ப, நான் மதுரையில் பள்ளிக்கூட வேலையில் ஒட்டிக்கொண்டேன். லீவுக்கு வந்து போகும் அப்பாவாக அவர் ஆகிப்போனார். கதிர் ஒருநாள் போனைக் கையில் எடுத்து, அதற்கு "அப்பா" என்று முத்தம் கொடுத்தான். அன்றைக்கே வேலையை விடுவதென்று முடிவு செய்தேன். குமாரின் பூட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர். அதே கடலை நான் விமானத்தில், சன்னலோரம் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டுத் தாண்டினேன். பிள்ளைகளுக்கு அப்பா வழியில் இந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. எனக்கு வருஷா வருஷம் விசா. ஒரே கூரைக்குக் கீழே நான் ஒருத்திதான் வெளிநாட்டுக்காரி.

வந்த சில வாரங்களில் வெசாக் வந்தது. புத்தருக்கான பௌர்ணமி. வீட்டுக்கு வீடு காகிதக் கூடுகள், தெருவெல்லாம் விளக்கு. பிள்ளைகளோடு டவுனிலிருந்து ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் சந்து முனையில் கொடியை ஆட்டி வண்டியை மறித்தார்கள். பக்கத்து வீட்டுக் குசும் அக்கா, கை நிறைய ஐஸ்கிரீம் கோனோடு ஓடி வந்தார். தன்சல் என்று அதற்குப் பெயர். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சும்மா கொடுப்பது. நமக்குத்தான் அன்னதானம் என்றால் தெரியுமே! என் அப்பா ஆடி மாசம் கூழ் ஊற்ற மூட்டை மூட்டையாகக் கம்பு கொடுத்தவர். எங்கள் வீட்டில் யாரும் அந்த வரிசையில் நின்று வாங்கியதில்லை, கொடுத்துத்தான் பழக்கம். கைகூப்பி, "வேணாங்க, இல்லாதவங்களுக்குக் குடுங்க" என்றேன். பெருந்தன்மை என்று எனக்குள் நினைப்பு வேறு. குசும் அக்காவின் முகம் சுருங்கிப்போனது. ஆட்டோக்காரர் தன் பங்கை வாங்கி நக்கிக்கொண்டே ஓட்டினார். மீனுவின் கண்கள் கோனிலிருந்து விலகவில்லை.

விஷயம் எங்களுக்கு முன்னால் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "என்ன தேவி, குசும் அக்கா குடுத்தத வேணாம்னுட்டீங்களாம்?" என்று கேட்டுக்கொண்டே குமார் உள்ளே வந்தார். "இங்க பெரிய பெரிய காருல வர்றவங்களும் எறங்கி வரிசையில நிப்பாங்க. வேணாம்னு சொல்லக்கூடாதுங்க." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மீனு கட்டிலில் குப்புற விழுந்து அழ ஆரம்பித்தாள். ஐஸ்கிரீமுக்கான அழுகை என்றுதான் தொடங்கியது. போகப் போகத் தாத்தா, தெரு, அவளுடைய பெஞ்சுத் தோழிகள் எல்லாரும் அதற்குள் வந்துவிட்டார்கள். "எனக்கு இந்த ஊரு வேணாம். நம்ம ஊருக்குப் போவோம்." அவளைச் சமாதானப்படுத்த ஒரு வாக்குக் கொடுத்தேன். "அடுத்த வெசாக் வரைக்கும் பாரு. அப்பவும் பிடிக்கலேன்னா அம்மா டிக்கெட் போட்டுர்றேன். சத்தியமா." குமார் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போய்க் கதிரைத் தூக்கிக்கொண்டார்.

பிள்ளைகளிடம் சத்தியம் செய்தவர்களுக்குத் தெரியும், அதற்கு மறதி கிடையாது. பள்ளிக்கூடத்தில் மீனு வாயைத் திறந்தால், "நீ சீரியல்ல கதைக்கிற மாதிரிக் கதைக்கிற" என்று சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தன. அவள் வகுப்பில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். காலுறைக்குள் அட்டை ஏறினாலும் சரி, குரங்கு வந்து டிபன் டப்பாவைத் தூக்கிப்போனாலும் சரி, என்னைப் பார்த்து ஒரே வார்த்தை: "வெசாக்." நானும் கண்டியைத் தாங்கிப் பேசத் தொடங்கினேன். இங்கே மூச்சு முட்டாது, பஸ் நிற்கும், அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வருவார். கடைசிக் காரணம் ஒன்றுக்கு மட்டும் அவளால் எதிர்வாதம் சொல்ல முடியவில்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம், குசும் அக்காவின் மகளோடு அவள் என்னவோ குசுகுசுவென்று பேச ஆரம்பித்திருந்தாள். பாஷை சிங்களமா தமிழா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்டால் "சும்மா" என்பாள்.

அடுத்த வெசாக்குக்கு ஒரு மாசம் இருக்கையில் குசும் அக்கா வேலியோரம் வந்து நின்றார். பழைய கோபம் எதுவும் இல்லை. சிங்களக்காரர், தெரிந்த தமிழில் கேட்டார். "தேவி நங்கி, எல்லா வருஷமும் ஐஸ்கிரீம், ஐஸ்கிரீம். இந்த வருஷம் ஒங்க ஊரு சாமான் ஒண்ணு செய்வமா?" நங்கி என்றால் தங்கச்சி. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஜிகர்தண்டா" என்றேன். அவருக்கு அது நோய்ப் பெயர் போலக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற மீனுதான் கையை ஆட்டி ஆட்டி, சிங்களத்தில் அதை விளக்கினாள். நான் திறந்த வாய் மூடாமல் நின்றேன். வகுப்பில் பேசாத பிள்ளை!

கடற்பாசி வாங்க அக்குறணைக்குப் போனோம். மதுரையை விட்டால் இது எங்கே கிடைக்கப்போகிறது என்ற நினைப்பில், கடைக்கார நானாவுக்கு நான் பாடம் எடுக்கத் தொடங்கினேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்பார்கள். அவர் முடிக்க விடவில்லை. "கடப்பாசி தானே புள்ள? நோம்புக்கு எங்கட ஊட்டுல டெய்லி காச்சுற. எவ்வளவு வேணும்?" தன்சலுக்கு என்றதும் ஒரு பொட்டலத்தைத் தன் பங்காக மேலே வைத்தார். "பாலும் சர்பத்தும் போட்டா அது பலூடா தானே?" என்றும் கேட்டார். "இல்ல நானா. பலூடா வேற, இது வேற!" அந்த ஒரு வாக்கியத்தைப் பிறகு நான் கண்டி முழுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. நன்னாரி கிடைக்காதே என்று மருகினேன். குசும் அக்கா ஒரு கட்டு வேரைக் கொண்டுவந்து, "இரமுசு" என்று மூக்கருகே நீட்டினார். மோந்து பார்த்தேன். சாட்சாத் நன்னாரி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பால்மாவைக் கரைத்துக் குடிக்கும் ஊரில் பசும்பாலுக்குத்தான் பாடு. கலகெதரப் பக்கத்தில் மாடு வைத்திருந்த, கடைக்கு வாடிக்கையான ஒருவரைக் குமார் பிடித்தார். சந்தே கூடி அண்டாவில் பாலைக் காய்ச்சியது. அடிப்பிடிக்காமல் கிண்டுவது எப்படி என்று நான் மதுரைத் தமிழில் அதட்ட, அவர்கள் சிங்களத்தில் சிரித்துக்கொண்டே கிண்டினார்கள்.

தன்சல் போட வேண்டுமானால் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும். மனிதர் வந்தார். கண்ணாடித் துண்டுகளாய் மிதந்த கடற்பாசியைக் கரண்டியால் தூக்கி, "மேக்க மொகத்த?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். கொதித்து ஆறிய தண்ணீரா, ஐஸ் எங்கே வாங்கியது, கையுறை உண்டா என்று துருவினார். எல்லாவற்றுக்கும் மீனு என் பதிலை அவர் பாஷையில் சொன்னாள். ஒரு கிளாஸ் குடித்தார். முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டு கிளாஸை மறுபடி நீட்டினார். "பலூடா ஹொந்தாய்" என்றார். நல்ல பலூடாவாம்! அரசாங்க மனிதரிடம் சண்டை போட வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பௌர்ணமிப் பிற்பகலில் ஆரம்பித்தோம். அண்டாவுக்குப் பின்னால் நான். மீனு பள்ளிக்கூடத்து வெள்ளைச் சீருடையில், மஞ்சள் கொடியோடு ரோட்டோரம் நின்றாள். லாரி, கார், மோட்டார் பைக் எல்லாம் அவள் கொடிக்கு நின்றன. வரிசை ஆற்றுப் பாலம் வரைக்கும் போயிற்று. அப்போது ஒரு டூரிஸ்ட் வேன் வந்து நின்றது. சன்னலைத் திறந்த அம்மாவின் நெற்றிக் குங்குமத்தையும் பட்டுச் சேலையையும் பார்த்ததுமே நம்ம ஊர் என்று தெரிந்தது. மீனு கிளாஸை நீட்டினாள். அந்த அம்மா கைகூப்பினார்.

"வேணாம்மா. நாங்க சாப்ட்டுத்தான் வந்தோம். இல்லாதவங்களுக்குக் குடு."

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அச்சு அசலாக என் வாக்கியம். மீனு கிளாஸைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

"அப்படிச் சொல்லக்கூடாது ஆன்டி. நீங்க குடிச்சாத்தான் எங்களுக்குப் புண்ணியம்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார். ஒரு வாய்தான். கண் விரிந்தது. "ஏய், இது நம்ம ஜிகர்தண்டால்ல! எந்த ஊரும்மா நீ?"

"இந்த லேன்தான்" என்றாள் மீனு. பிறகு கொடியால் என்னைச் சுட்டிக் காட்டினாள். "செஞ்சது எங்கம்மா. அவங்க மதுரக்காரங்க."

சொல்லிவிட்டு அடுத்த வண்டியை மறிக்க ஓடிவிட்டாள். மதுரையில் வளர்ந்த பிள்ளை! அவங்களாமே! மறுநிமிஷமே நெஞ்சு நிமிர்ந்தும்விட்டது. இத்தனை பெரிய வரிசையில் முதல் முதலாக ஒருத்தர் அதைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தி, வேண்டாம் என்றவரையும் குடிக்க வைக்கிறாளே, அவள் என் மகள். அந்த வருத்தத்தையும் இந்தப் பெருமையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுத்த கிளாஸை நிரப்பினேன்.

அண்டா காலியானதும் எல்லாரும் பாத்திரம் கழுவினோம். வாக்கு என்றால் வாக்கு. மீனுவைப் பக்கத்தில் இழுத்து வைத்துக் கேட்டேன். "வெசாக் வந்துருச்சு. டிக்கெட் போடவா?"

அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த குமாரின் கை நின்றது. ஒரு வருஷமாக அந்த மனிதர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"போடுங்கம்மா" என்றாள். குமார் தலையைக் குனிந்துகொண்டார். "ஸ்கூல் லீவுல போவோம். தாத்தாவப் பாத்துட்டு வருவோம். ரிட்டர்னும் சேத்துப் போட்டுருங்க. அடுத்த வெசாக்குக்கும் நான்தான் கொடி பிடிக்கணும்னு நெந்தா சொல்லிட்டாங்க." நெந்தா என்றால் சிங்களத்தில் அத்தை. குசும் அக்காவைத்தான் சொல்கிறாள்.

குமார் கையைக் கழுவக்கூட இல்லை, சோப்பு நுரையோடு போனை எடுத்தார். புறப்படும் இடம் என்ற கட்டத்தில் கொழும்பு என்று தட்டினார். சேரும் இடத்தில் மதுரை. அதற்குக் கீழே, திரும்பும் பயணம். இத்தனை காலமும் அவருக்காக நான் டிக்கெட் போட்டபோதெல்லாம் அவர் வருவது மதுரைக்கு, திரும்புவது கொழும்புக்கு. இப்போது என் பெயரும் அதே கட்டங்களில் ஏறிவிட்டது. பிறந்த ஊருக்கு நான் போய்த் திரும்பப் போகிறேன். பெயர்களைச் சரிபார்க்கச் சொல்லிப் போனை என்னிடம் நீட்டினார். நால்வர் பெயர்களும் சரியாக இருந்தன. திரும்பும் தேதியைத்தான் ஒரு வாரம் தள்ளிப் போடச் சொன்னேன்.