எனக்கு இல்லாத சுகர்

மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில், எனக்குச் சுகர் வந்துவிட்டது என்று எங்கள் லைன் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் சுரங்கக்காரர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய ஒற்றை அறை வீடுகளின் வரிசைதான் லைன். ஒரு வீட்டில் விக்கினால் அடுத்த வீட்டில் தண்ணீர் மொள்வார்கள். அங்கே ஒரு ஆள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதும் கக்கூஸுக்கு ஓடுவதும் அந்த ஆளின் சொந்த விஷயமாக இருக்க முடியாது.

எனக்குச் சுகர் இல்லை. ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்கு நான் ஒழுங்கான பையன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்து, டிகிரியும் வாங்கி, பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன். எனக்கு நான், நினைவு தெரிந்த நாளிலிருந்து, பெண். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தினமும் ரயிலில் போய் வந்தேன்.

மனநல மருத்துவரிடம் பல தடவை பேசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்த பிறகு, பெங்களூரில் ஒரு டாக்டரம்மா இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்று ஈஸ்ட்ரோஜன். மற்றது ஆண் ஹார்மோனை அடக்குவது. "இந்த ரெண்டாவது மாத்திரை நீரைப் பிரிச்சு வெளியே தள்ளும். தாகம் எடுக்கும். பொட்டாசியம் ஏறாம பார்த்துக்கணும், அதனால இளநீர், வாழைப்பழம் எல்லாம் குறைச்சுக்கோங்க" என்றார். கை கால் சதை வற்றும், சோர்வு வரும் என்றும் சொல்லியிருந்தார். சொன்ன எல்லாமே வந்தது. தாகம், ஓட்டம், இளைப்பு, பழத்தைத் தொடாமை. இத்தனையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்.

டாக்டரம்மா சொன்ன இன்னொன்றும் வந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரம் அடைத்த இடத்தில் ஒரு நாள் காலையில் குளிக்கும்போது, மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ விரலில் தட்டுப்பட்டது. தொட்டால் வலித்தது. மறுபடி தொட்டுப் பார்த்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"உள்ள இன்னாடா சிரிப்பு? தண்ணி தீந்துபூடும், சீக்கிரம் வா" என்று அம்மா வெளியிலிருந்து கத்தினாள்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறுக்கமான பனியன் போட்டுக்கொண்டு, துண்டைத் தோளில் விரித்துக்கொண்டு, திருடியதை ஒளித்துக்கொண்டு வருவதுபோல வெளியே வந்தேன். பிறகு அதுவே தினசரி வழக்கமாகிவிட்டது.

காலை வண்டியில் எங்கள் பெட்டியில் சீசன் டிக்கெட்காரர்கள் ஒரு கூட்டம். யாருக்கு எந்த இடம் என்பது பேசாமலே தீர்ந்த விஷயம். பட்டறையில் லேத் ஓட்டும் ஒரு அண்ணன்தான் பெட்டிக்குத் தலைவர். வருடாவருடம் ஆயுத பூஜைக்கு ரயிலுக்கே வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பெட்டிக்குள் சூடம் காட்டுவோம். அந்த வருடம் அண்ணன் எனக்கு நீட்டிய பிரசாதத்தில் பொரியும் வாழைப்பழமும் இருந்தன. பொரியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"டேய் தம்பி, பிரசாதம்டா. சாமி குடுக்கறதையே வேணாங்கிறியா?"

"டாக்டர் வாழப்பழம் தொடாதன்னுட்டாங்கண்ணா."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். அதாவது பாதிப் பெட்டிக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு. "சுகரா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"அதான பார்த்தேன்! பங்காருபேட்டை வர்றதுக்குள்ள மூணு தபா எந்திரிச்சிப் போறான். இன்னாடா டேங்க்கு லீக்குன்னு நெனச்சேன்." எல்லாரும் சிரித்தார்கள். "சிரிக்காதீங்கடா, சின்ன வயசு. பாவம்."

மறுநாளிலிருந்து கழிவறைப் பக்கத்து ஓர சீட் எனக்கென்று ஆனது. புது ஆள் யாராவது உட்கார்ந்துவிட்டால், "எந்திரிங்க சார், சுகர் பேஷண்ட் சீட்டு" என்று எழுப்பிவிடுவார்கள். அந்த அன்பில் உட்கார எனக்குக் கூசியது. ஆனாலும் உட்கார்ந்தேன். இல்லாத வியாதி எனக்கு மறைவிடமாக இருந்தது.

அந்த சீட்டில் இருந்தபோதுதான் ஒரு நாள் திருநங்கை ஒருவர் கைதட்டிக்கொண்டு பெட்டிக்குள் வந்தார். வழக்கமாக வருகிறவர்தான். எல்லாருக்கும் தலையில் கைவைத்து ஆசி சொல்லிக்கொண்டு வந்து, என் தலைக்கும் கையை நீட்டினார். நான் தலையை இழுத்து ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். "அய்ய, அண்ணனுக்கு வெக்கத்தப் பாரு!" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். பெட்டியே சிரித்தது. மடியிலிருந்த பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் என் மாத்திரைகள் இருந்தன. அவர் கை தலையில் பட்டால் அங்கேயே எல்லாம் வெளிப்பட்டுவிடும் என்பதுபோல எனக்கு வியர்த்துவிட்டது.

பேச்சு ரயிலில் ஏறி, வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய அண்ணனுக்கு, என் மாமாவுக்கு, சுகரால் காலை எடுத்துவிட்டார்கள். அந்த வார்த்தையைச் சொல்லவே அவள் பயப்படுவாள். பாகற்காய் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. வெந்தயத் தண்ணீர் வந்தது. என் டீயில் சர்க்கரை நின்றது. சில நாள் கழித்துத்தான் கவனித்தேன், அவள் டம்ளரிலும் சர்க்கரை இல்லை. டீயில் சர்க்கரை கரையாமல் அடியில் நிற்கிற அளவுக்குப் போட்டுக் குடிக்கிறவள் அவள்.

"உனக்கு இன்னாத்துக்கும்மா?"

"நீ கசப்பக் குடிக்கறப்ப எனக்கு மட்டும் எறங்குமா? போடா."

அப்போதே சொல்லியிருக்கலாம். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு ரயிலுக்குப் போனேன்.

இப்படியே இருந்திருந்தால் நானும் இப்படியே இருந்திருப்பேன் என்று தோன்றுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் அண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஒரு நல்ல குடும்பமாம். ஒரே பெண், பி.காம். சின்ன வயதிலிருந்தே சுகர், தினமும் ஊசி. வருகிறவர்கள் எல்லாம் அதைக் கேட்டதும் போய்விடுகிறார்களாம்.

"நம்ம தம்பிக்கும் இப்பிடி ஆயிடுச்சே. ஒருத்தர் கஷ்டம் ஒருத்தருக்குப் புரியும் பாருங்கம்மா" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுரங்கக் குழி வேலையில் நெஞ்சு முழுக்கத் தூசி சேர்ந்து, பேசினாலே மூச்சு வாங்கும் நைனாகூட, "குவார்ட்டர்ஸ்காரங்க நம்ம லைன்ல பொண்ணு குடுக்கறாங்களா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம் என்றேன். "சும்மா பார்த்துட்டு வரலாம், பார்த்தா இன்னா கொறஞ்சிபூடும்?" என்றாள் அம்மா. வியாதிக்காரப் பிள்ளைக்கு ஒரு துணை கிடைக்கப்போகிறது என்ற நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு மறுக்க எனக்கு வாய் வரவில்லை. கூடப் போனேன்.

பெண் பார்க்கும் வீட்டில் கேசரி இல்லை. சுண்டலும் சர்க்கரை போடாத காபியும் கொடுத்தார்கள். "இந்த வீட்ல யாருக்குமே இனிப்பு கிடையாதுங்க. மாப்பிள்ளைக்கு ஒரு சிரமமும் இருக்காது" என்று பெண்ணின் அம்மா பெருமையாகச் சொன்னார். மாப்பிள்ளை என்றதும் பனியனுக்குள் எனக்கு மூச்சு முட்டியது. பிறகு, "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசட்டும்" என்று எங்களைப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகே அனுப்பினார்கள்.

அவள் நகத்துக்குச் சாயம் பூசியிருந்தாள், வெளிர் சிவப்பு. நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேறு விதமாக நினைத்திருப்பாள். எனக்கு வந்தது பொறாமை.

"சாப்பாட்டுக்கு முன்னாடி எவ்வளவு இருக்கும் உங்களுக்கு?"

"எது?"

"சுகர்தான்."

"நூத்தி... இருபது இருக்கும்."

"ஊசியா, மாத்திரையா?"

"மாத்திரை."

"என்ன மாத்திரை?"

நான் சுவரைப் பார்த்தேன். அவள் உள்ளே போய் ஒரு சின்ன மெஷினை எடுத்துவந்தாள். "விரலை நீட்டுங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்குகிற பிள்ளைபோல நீட்டினேன். சுருக்கென்று குத்தி, ஒரு சொட்டு எடுத்து, மெஷினைப் பார்த்தாள்.

"சுண்டல் சாப்பிட்டப்புறமும் தொண்ணூத்தி நாலு. எனக்கு இந்த நம்பர் கனவுலதான் வரும்." முகத்தை நிமிர்த்தினாள். "யாரையாவது விரும்புறீங்களா?"

"இல்லங்க."

"அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?"

டாக்டர்களைத் தவிர வேறு யாரிடமும் அதுவரை நான் சொன்னதில்லை. முதல் முறையாக, பெண் பார்க்க வந்த இடத்தில், பஞ்சால் விரலை அழுத்திக்கொண்டு சொன்னேன். மாத்திரை எதற்கு என்று சொன்னேன். நான் யார் என்று சொன்னேன். அவள் மெஷினை உறைக்குள் போடப் பார்த்தாள். இரண்டு தடவை தவறியது.

"சுகர்னு சொல்லி வேணாம்னவங்க நிறைய பேரு. சரி, அது நிஜம். என்னை மாதிரியே ஒருத்தர் வர்றார்னு முதல் தடவையா..." என்று நிறுத்தி, நகம் தெரியாதபடி விரல்களை மடக்கிக்கொண்டாள். "நேத்துதான் பூசினேன் இதை."

விரலிலிருந்து பஞ்சை எடுத்தேன். ரத்தம் நின்றிருந்தது.

"நான் மாட்டேன்னு சொன்னா, சுகரை வெச்சிக்கிட்டு திமிரைப் பாருன்னு என்னைத்தான் பேசுவாங்க. ஜாதகம் சேரலைன்னு நீங்க நழுவினாலும் பழி எம்மேலதான் விழும். நீங்களே சொல்லுங்க. என்னால இல்லைன்னு தெரியற மாதிரி சொல்லுங்க. இன்னிக்கே."

ஆட்டோவில் திரும்பும் வழி முழுக்க அம்மா பேசிக்கொண்டே வந்தாள். "தங்கமான பொண்ணு. ஊசி போட்டுக்கறதே தெரியல பாரு." நைனா டீக்கடையருகே பழைய ஷிப்ட்காரர்களைப் பார்த்து இறங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா புடவைகூட மாற்றாமல் பாகற்காயை நறுக்க உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, எனக்கு சுகர் இல்ல."

"இன்னா சொல்ற?"

"இல்லவே இல்லம்மா. அந்தப் பொண்ணே இன்னிக்கு டெஸ்ட் பண்ணிப் பார்த்துச்சு."

அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள். "காலுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஆவாது."

அவள் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். "மாரியாத்தா, மாரியாத்தா" என்றாள். எத்தனை மாதமாக என் காலைத் தன் மனதுக்குள் வெட்டி வெட்டிப் பார்த்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதோடு நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மடக்கிய அந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. மிச்சத்தையும் சொன்னேன்.

அவளுக்குப் புரிய நேரமானது. பிறகு கேட்டாள்: "ரயில்ல கை தட்டிகினு வர்றாங்களே... அவுங்க மாதிரியா?"

இல்லம்மா, நான் படிச்சிருக்கேன், வேலைக்குப் போறேன், அவங்க வேற நான் வேற என்ற வாக்கியம் முழுசாக நாக்கு நுனிவரை வந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. ரயிலில் என் தலைக்குக் கை நீட்டியவருக்குக் கிடைத்ததோ இல்லையோ தெரியாது. ஜன்னலோடு ஒட்டிக்கொண்ட என் தலை நினைவுக்கு வந்தது. இத்தனை மாதம் வெட்கப்பட்டதில் உண்மையில் வெட்கப்பட வேண்டியது எது என்று யாராவது கேட்டால், அந்த வாக்கியத்தைத்தான் காட்டுவேன்.

"அவுங்க மாதிரிதாம்மா."

"நாலு பேரு மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?" என்றாள். நறுக்கிய பாகற்காயை அப்படியே பின்பக்கக் குப்பையில் கொட்டிவிட்டு வந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிவாள்மணையைக் கழுவினாள். பிறகு திரும்பாமலே, "நைனாகிட்ட இப்ப சொல்லாத. மூச்சு வாங்கும்" என்றாள். அதற்குப் பிறகு, "அந்தப் புள்ள காத்துகினு இருக்கும். போன் போடு."

போட்டேன். எனக்குச் சுகர் இல்லை, ஆனால் நான் யாரையும் கல்யாணம் செய்துகொள்ள முடியாது, அதை மறைத்து வந்தது என் தப்பு, உங்கள் பெண்மேல் ஒரு குறையும் இல்லை என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். "படிச்சவன் செய்யற வேலையாய்யா இது?" என்று ஆரம்பித்துத் திட்டினார். கடைசிவரை கேட்டுக்கொண்டேன். பின்னணியில் அவள் குரல், "விடுங்கப்பா, போதும்" என்றது.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், அவ்வளவுதான். என் டீயில் சர்க்கரை திரும்பி வந்தது, ஆனால் கதவு சாத்தியிருக்கும்போது மட்டும். பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டால் சர்க்கரை டப்பா அலமாரிக்குள் போகும். "புள்ளைக்கு சுகர் எப்பிடி கீது?" என்று அக்கா கேட்பாள். "கண்ட்ரோல்ல இருக்குதுக்கா" என்பாள் அம்மா, என்னைப் பார்க்காமல். கசப்பு டீயை அக்கா முன்னால் இரண்டு பேரும் குடிப்போம். என் மறைவிடத்துக்குள் அம்மாவையும் இழுத்துக் குடிவைத்துவிட்டேன். தனியாக ஒளிந்திருந்தபோது இத்தனை கூசவில்லை.

போன வாரம் அக்கா வந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா டம்ளரை நீட்டினாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மா, சக்கர போடு" என்றேன்.

"அய்யோ, சுகருக்கு சக்கரயா?" என்று அக்கா பதறினாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. என் டம்ளரில் இரண்டு ஸ்பூன் விழுந்தது. பிறகு அவளுடையதில், கரையாமல் நிற்கிற அளவுக்கு.

"அதுக்கு சுகர் இல்லக்கா. டெஸ்ட் பண்ணியாச்சி."

"இல்லியா? அப்ப ஏன் பொழுதுக்கும் பின்பக்கம் ஓடுது?"

"ஓடட்டும்" என்றாள் அம்மா. "நீ டீயக் குடி."