சலித்த மண்

மகள் ஆன்லைனில் மண் வாங்கியிருக்கிறாள். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள், மண்தான். அட்டைப் பெட்டியில் டேப் சுற்றி, 'கவனமாகக் கையாளவும்' என்று அச்சடித்து, லிஃப்டில் ஏறி எங்கள் வாசலில் வந்து இறங்கியது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையில் கறுப்பாக ஏதோ ஒரு தூள். கூடவே தேங்காய் நாரை அரைத்து அழுத்திய கட்டி ஒன்று, செங்கல் மாதிரி. தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பி வாளியை நிறைக்குமாம். நிறைத்தது. வாளியை நிறைத்து, வழிந்து, பால்கனியையும் நிறைத்தது. கூட்டித் துடைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பையை மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு வாசனையும் இல்லை. சாணி இல்லை, ஈரம் இல்லை, அழுகல்கூட இல்லை. துவைத்துக் காயவைத்த மண். இதற்குள் போனில் ஒரு கேள்வி வந்துவிட்டது: மண் எப்படி இருக்கிறது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? "மண்ணுன்னா கொஞ்சமாவது நாறணும்டி" என்றேன். மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

மண்ணைப் பார்த்து எனக்கு எரிச்சல் வருவது புதிதில்லை. கல்யாணமாகி வேலூரிலிருந்து ஓசூருக்கு வந்த நாளிலேயே அது தொடங்கிவிட்டது. பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த லைன் வீடுகள். முதல் வீடு எங்களுடையது. அடுத்தது ஷகிலா அக்காவுடையது. அவருடைய வீட்டுக்காரர் பாய், கம்பெனிகளில் கழிக்கும் காலி டிரம், டின் எல்லாம் எடுத்து விற்பவர். அதற்கடுத்த வீட்டில் கம்பெனிப் பையன்கள். தேனி, திருவாரூர், தூத்துக்குடி என்று ஆளுக்கொரு ஊர். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் முகம் மாறும். மொத்தம் எத்தனை பேர் என்று வீட்டு ஓனருக்கே தெரியாது.

நானும் இவரும் வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தோம். எனக்கு இன்ஸ்பெக்ஷனில் வேலை. ஒரு பல் தலைமுடி அளவு தேய்ந்திருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவேன். அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு அந்த வீட்டின் பின்பக்கம் மட்டும் எப்படித் தப்பியதோ தெரியவில்லை.

பின்பக்கம் காம்பவுண்டு சுவர் வரை நீளமாக ஒரு துண்டு நிலம். வீடு பார்க்க வந்தபோது ஓனர் கிருஷ்ணப்பா அதைக் காட்டி, தோட்டம் போட்டுக்கொள்ளுங்கள், யார் வேண்டாமென்றது என்றார். துளசியைக்கூடப் பெயின்ட் டப்பாவில் வளர்த்த மாடி வீட்டுக் குடும்பம் என்னுடையது. அந்த ஒரு பேச்சுக்காகவே வீட்டுக்குத் தலையாட்டினேன். இவர் நிலத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாங்க விவசாயக் குடும்பம். மண்ணப் பாத்தாலே சொல்லிடுவன். நல்ல மண்ணு" என்றார். இவருக்கு நாகரசம்பட்டி. மாந்தோப்பு இருந்தது உண்மை. அதில் இவர் செய்த விவசாயம் மாங்காய் தின்றதோடு சரி என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

ஆடியில் கீரை விதைத்தோம். நானும் ஷகிலா அக்காவும் சேர்ந்துதான். முளைத்தது, முளைத்த வேகத்தில் மஞ்சளாகிப் படுத்துக்கொண்டது. இவர் ஊருக்குப் போய் ஒரு மூட்டைச் செம்மண்ணை பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்து, கண்டக்டரிடம் வாங்கிய திட்டைக் கதைகதையாகச் சொல்லிக்கொண்டே மேலே பரப்பினார். மழை பெய்து வெயில் அடித்ததும் அது ஓடு மாதிரி இறுகிப்போனது. தட்டினால் பானை போலச் சத்தம் வந்தது. "இது ஓசூர் தண்ணியோட கோளாறு" என்று சொல்லிவிட்டு விவசாயக் குடும்பம் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனது.

ஒருநாள் ஷகிலா அக்கா கோபத்தில் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். ஒரு ஜாண்கூட இறங்கவில்லை, ணங்கென்றது. தோண்டிப் பார்த்தால் சிமெண்ட் மூட்டை. மழையில் நனைந்து, மூட்டையின் வடிவத்திலேயே கல்லாகியிருந்தது. அதன் பக்கத்தில் அரைச் செங்கல்கள், டைல்ஸ் துண்டு, டியூப்லைட் கண்ணாடி, யாரோ ஒரு கொத்தனாரின் ஒற்றைச் செருப்பு. வீடு கட்டி மிஞ்சியதை எல்லாம் பின்னால் கொட்டி, மேலே மெல்லியதாக மண்ணைத் தூவி, தோட்டம் என்று எங்களிடம் கைகாட்டியிருக்கிறார் மனுஷர்.

போய்க் கேட்டோம். கிருஷ்ணப்பாவுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. எந்த வீட்டுக்குப் பின்னால்தான் இது இல்லை என்று திருப்பிக் கேட்டார்.

பிறகு நடந்ததை இன்றைக்கு நினைத்தால் எங்களுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. மணல் சலிக்கிற பெரிய சல்லடை ஒன்றை பாய் எங்கிருந்தோ கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தார். லீவு நாளெல்லாம் தோண்டிச் சலித்தோம். கல்லும் கண்ணாடியும் சுவரோரம் குவிந்துகொண்டே போக, கீழே விழுந்த மண்ணோ ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி. கம்பெனியில் சூப்பர்வைசர் என் நகத்தைப் பார்த்து, வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். தோட்டம் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

சலித்த மண் வெறும் தூள். அதற்குச் சோறு போட வேண்டியிருந்தது. சந்துமுனையில் பால்காரருக்கு ஒரு மாட்டுக் கொட்டகை. சாணியை இவர்தான் மொபெட்டின் முன்னால் வைத்துக் கொண்டுவருவார், மூக்கைச் சுளித்துக்கொண்டே. காய்கறிக் கழிவுக்கு ஒரு குழி வெட்டினோம். கிருஷ்ணப்பாவின் கோழிகள் தினமும் வந்து அதைக் கிளறி வாசல்வரை இறைத்துவிட்டுப் போயின. ரோஜாத் தோட்டத்து ஷெட்டில் கழித்துப்போட்ட பூவையும் இலையையும் மூட்டை மூட்டையாக வாங்கிவந்து பச்சையாகவே மிளகாய்ச் செடிக்கு அணைத்தோம். உள்ளே சூடேறிச் செடி வெந்துபோனது. சந்தே கல்யாண மண்டபம் மாதிரி மணக்க, நடுவில் செத்த மிளகாய்ச் செடி. தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்த்த ஷகிலா அக்காவின் உறவுக்காரர் ஒருவர் புழு எச்சத்தைக் கொடுத்தனுப்பினார். அதுதான் முதலில் கைகொடுத்தது. கத்தரிச் செடி ஒன்று நிமிர்ந்து நின்றது. அதை இவர் கம்பெனியில் எல்லோரிடமும் சொன்னார், தான் வளர்த்ததாக.

அடுத்த கோடை மழைக்குச் சணப்பை விதைத்தோம். பூவெடுக்கிற பருவத்தில் பிடுங்கி அப்படியே மண்ணுக்குள் மூடிவிட்டால் நல்ல உரம் என்று கம்பெனி பஸ்ஸில் ரேடியோவில் கேட்டிருந்தேன். நன்றாகத்தான் வந்தது. இடுப்புயரம் வளர்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. அந்த நிலத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று ஒழுங்காகப் பூத்திருக்கிறது, நான் மண்வெட்டியோடு போய் நிற்கிறேன். ஷகிலா அக்கா குறுக்கே வந்துவிட்டார்.

"பூத்து நிக்கறத யாராச்சும் உயிரோட பொதைப்பாங்களா? ஒனக்கு மனசு வருதா?"

"இதுக்குத்தானக்கா வெதச்சோம்."

"நீ வெதச்ச. நான் பூக்கும்னுதான் வெதச்சன்."

பேச்சு வளர்ந்து, நடுவில் ஒரு கயிறு கட்டிக்கொண்டோம். இந்தப் பக்கம் என்னுடையது, அந்தப் பக்கம் அவருடையது. நான் புதைத்தேன். ஒரு வாரம் அப்படியொரு நாற்றம். ஈ மொய்த்து, கம்பெனிப் பையன்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஷகிலா அக்கா தன் மஞ்சள் பூக்களுக்கு நடுவில் துணி காயப்போட்டுக்கொண்டே என்னைப் பார்க்காமல் சிரித்தார். பின்வாசலில் நேருக்கு நேர் வந்தாலும் பேச்சில்லை. ரம்ஜானுக்கு வரவேண்டிய பிரியாணி வந்தது, ஆனால் பாய் கையில் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் நன்றாகச் சாப்பிட்டார்.

ஆடி மழையில் என் பக்கத்து மண் பொலபொலவென்று ஆனது. கையை விட்டால் மணிக்கட்டுவரை உள்ளே போனது. புழு நெளிந்தது. அதைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அக்கா தன் பக்கத்துச் சணப்பையையும் பிடுங்கிப் புதைத்துவிட்டார். அதற்குள் அது முற்றி நாராகியிருந்தது. மக்குவேனா என்றது. அந்த வருஷம் முழுக்க அந்தப் பக்கம் மண்வெட்டி போட்டாலே நார் சுற்றிக்கொண்டு வரும். ஒருநாள் அப்படிச் சிக்கிய மண்வெட்டியை இழுத்துக்கொண்டு அவர் தள்ளாட, நான் ஓடிப்போய்ப் பிடிக்க, இரண்டு பேரும் மண்ணில் விழுந்து சிரித்தோம். கயிற்றை யார் அவிழ்த்தது என்று ஞாபகமில்லை.

அவரை விதை போட்டோம். எங்கள் பக்கத்து அவரை தெரியுமா உங்களுக்கு? மார்கழிப் பனியில் காய்க்கிறது. காயின் தோலில் எண்ணெய் தடவியதுபோல் ஒரு பிசுக்கு. பறித்த விரலைச் சாப்பிடும்வரை கழுவத் தோன்றாத மணம். ஊறவைத்து, விதையைப் பிதுக்கித் தோலெடுத்து, குழம்பு வைத்தால் களிக்கு அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. லைன் முழுக்கக் கொடுத்தோம். ஓனர் வீட்டுக்கும் ஒரு கூடை போனது. அதுதான் வினையாயிற்று.

அவரை தின்ற கிருஷ்ணப்பா பின்பக்கம் வந்தார். இடுப்பில் கைவைத்து இப்படியும் அப்படியும் நடந்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தார். நாங்கள் பெருமையாக நின்றிருந்தோம். பிறகு விஷயத்தைச் சொன்னார். கம்பெனிப் பையன்கள் வீடு கேட்டு வரிசையில் நிற்கிறார்கள், தையில் இந்த இடத்தில் ரூம் கட்டப் போகிறேன். செடிகளைப் பொங்கலுக்குள் எடுத்துவிடுங்கள். போகும்போது ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்: "மண்ணு நல்லா இருக்குதும்மா. பேஸ்மென்ட் ரொப்பறதுக்கு வெளிய அலைய வேணாம்."

ஷகிலா அக்கா முன்னால் வந்தார்.

"எடம் உங்களுது ஓனரே, கட்டிக்கங்க. நாங்க வரும்போது அதுல இருந்தது செங்கல்லும் சிமெண்டும். அது அப்பிடியே செவுத்தோரமா இருக்குது, போட்டு ரொப்பிக்கங்க. மண்ணு நாங்க செஞ்சது."

"மண்ண யாராச்சும் செய்வாங்களாம்மா?"

"செஞ்சமே."

கிருஷ்ணப்பா என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் மண் நிலத்தோடு சேர்ந்ததுதான் என்று இவர் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். அன்றிரவு நான் இவரோடு பேசவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் இவர்தான் முதல் ஆளாக லுங்கியை மடித்துக் கட்டி வெட்டிக்கொண்டிருந்தார். பாய் வெட்டிய டிரம்களையும் ஒரு குட்டியானை வண்டியையும் கொண்டுவந்தார். மண் எங்கே போகிறது என்பதும் முடிவாகியிருந்தது: குருபரப்பள்ளியில் ஹைவேயை ஒட்டி ஷகிலா அக்காவின் அப்பா வைத்திருந்த டீக்கடைக்குப் பின்னால். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த பையன்கள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் இறங்கிவிட்டார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. தூத்துக்குடிப் பையன் மட்டும் சட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "எதுக்குக்கா மண்ணப் போய் அள்ளுதீங்க, அங்கன மண்ணு கெடையாதா?" என்று கேட்டான். பதிலுக்கு நிற்காமல் வண்டியில் கொட்டிவிட்டு அடுத்த சட்டிக்கு வந்தான்.

கிருஷ்ணப்பா வந்தார். சண்டை வரும் என்று பாய் கையைத் துடைத்துக்கொண்டார். ஓனரோ செங்கல் குவியல்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அவர் சம்சாரம் ஜெயம்மா வாளியோடு வந்து, கன்னடம் கலந்த தமிழில், "ஒந்து பக்கெட் கொடம்மா, கறிவேப்பிலைக்கு" என்றார். நான் நிறைத்துக் கொடுத்தேன். கிருஷ்ணப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த டீக்கடைக்குப் பின்னால் கத்தரியும் முருங்கையும் காய்த்தன. லீவுக்கு லீவு பஸ் பிடித்துப் போவோம். லாரிகளின் இரைச்சலில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு களை எடுப்போம். பிறகு வழக்கம்போல எல்லாம் நடந்தது. பையன்கள் ஒவ்வொருவராகக் கல்யாணம் ஆகி எங்கெங்கோ போனார்கள். பாய் காலமானார். ஷகிலா அக்கா மகனோடு பெங்களூர் போனார், நாங்கள் இந்த அடுக்குமாடிக்கு வந்தோம். பால்காரர் கொட்டகை இருந்த இடத்தில் மொபைல் ஷோரூம். ரோட்டை அகலப்படுத்தியபோது டீக்கடையும் போனது.

இந்த வாரம் எரிச்சல் தாங்காமல் ஷகிலா அக்காவுக்குப் போன் போட்டேன். மண் பெட்டியில் வருகிற கதையைச் சொன்னதும் சிரித்தார். மூச்சு வாங்கியது. கடையை இடிப்பதற்குமுன் அந்த மண்ணையாவது எடுத்து எங்கேயாவது போட்டிருக்கலாமே அக்கா என்றேன். கேட்டிருக்க வேண்டாம்.

"டைம் எல்லாம் குடுத்தாங்க. எடுத்திருக்கலாம்தான். நானும் போய் நின்னு பாத்தன்" என்றார். "அள்றதுக்கு யாரக் கூப்புடறது, சொல்லு."