கைக்குக் கை மாறிய கடிகாரம்

தேயிலை எடை போடும் கொட்டகையில் நான் இருந்தேன். என் வீட்டுக்காரர் இருந்தார். இலை ஏற்ற லோரி கொண்டுவந்த என் தம்பி இருந்தான். எங்கள் கங்காணி இருந்தார். அவ்வளவுதான். மற்றவர்கள் இலையைப் போட்டுவிட்டு மறுபடி மேலே ஏறிவிட்டார்கள்.

நான் ஏறவில்லை. மூட்டையை இறக்கினேன், உட்கார்ந்தேன், எழ முடியவில்லை. வலி இல்லை. மூச்சுதான் பிடிபடவில்லை. கண் கொஞ்சம் இருட்டி, பிறகு தெளிந்தது. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் இடத்தில் முப்பத்தெட்டு என்று இருந்தது.

அது மகள் வாங்கிக் கொடுத்தது. ஈப்போவில் வேலைக்குப் போன புதிதில் வாங்கினாள். நடையை எண்ணும், துடிப்பை எண்ணும், தூக்கத்தையும் எண்ணும் என்றாள். தூங்குவதை எண்ணி என்ன செய்வது என்று கேட்டேன். சிரித்தாள். கட்டிக்கொண்டேன். கட்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

தேயிலைக்குள் ஒரு சாமான் மூன்று வருஷம் உழைப்பது லேசு இல்லை. மழை, பனி, உரத்தூள், சோப்புத் தண்ணீர் எல்லாம் படும். முதல் வருஷமே கிளை கீறிக் கண்ணாடியில் கோடு விழுந்தது. இரண்டாம் வருஷம் பட்டை அறுந்தது. தம்பி வேறு பட்டை வாங்கி வந்தான். அளவு சேரவில்லை. வீட்டுக்காரர் மோட்டார் டியூப்பை வெட்டி, இரண்டு பக்கமும் துளை போட்டு, தூண்டில் நரம்பால் கட்டினார். அந்தக் கட்டு அறவில்லை. சார்ஜ் முதலில் ஒரு வாரம் நின்றது. பிறகு ராத்திரி போட்டால் மறுநாள் மத்தியானம் வரைதான். துடிப்பைப் பார்க்க அடியில் பச்சை விளக்கு ஒன்று மினுங்கும். அது மட்டும் புதுசு போலவே இருந்தது.

கணக்கில்தான் அதை யாரும் நம்பவில்லை. இங்கே நாங்கள் இலையைக் கையால் கிள்ளுவதில்லை. இரண்டு கைப்பிடி வைத்த பெரிய கத்தரியால் வெட்டுகிறோம். கத்தரியோடு ஒரு தட்டு இருக்கும், இலை அதில் விழும். நின்ற இடத்திலேயே கையை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டையும் கடிகாரம் நடையாக எண்ணியது. மூட்டையைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினால் கை அசையாது. அதை எண்ணவே இல்லை.

"அக்கா நின்ன எடத்துலயே ஈப்போ போய்ட்டு வந்துட்டாங்க. பஸ் காசு மிச்சம்" என்பான் தம்பி. கொட்டகையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அதனால்தான் அன்றும் எண்ணைப் பார்த்ததும் சிரித்தான்.

"செத்துருச்சுலா. தூக்கிப் போடுக்கா."

"எது செத்துருச்சு?" என்றார் கங்காணி.

"வாட்ச்தாண்ணே. வேற எது?"

கங்காணி என் முகத்தைப் பார்த்தார். "மூஞ்சி வெளுத்துக் கெடக்கே தங்கச்சி."

கெட்டது கடிகாரமா, என் நெஞ்சா. அதுதான் தெரியவேண்டும். கடிகாரம் என்றால் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மேலே ஏறலாம். நெஞ்சு என்றால் தானா ராத்தா ஆஸ்பத்திரி.

"போறதுன்னா இப்பவே போவணும்க்கா" என்றான் தம்பி. சிரிப்புக் குறைந்திருந்தது. "இன்னிக்கு சனிக்கெழம. கொஞ்ச நேரம் போனா வழியில கியா பார்ம்ல ஜாம் ஆயிரும். ஸ்ட்ராபெர்ரி வாங்க வர்றவன்லாம் ரோட்டுலயே காரப் போடுவான்."

"எனக்கு ஒன்னும் இல்ல" என்றேன். "வாட்ச் பழசு."

வீட்டுக்காரர் கடிகாரத்தை என் கையிலிருந்து கழற்றித் தன் கையில் கட்டினார். கொஞ்ச நேரம் நின்றார். எழுபத்திரண்டு. தம்பி கையில் கட்டினார். எண்பத்தாறு.

கங்காணி கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். "எனக்கு வேணாம்பா. ஏதாச்சும் காட்டித் தொலைச்சா வீட்டுல கறிய நிறுத்திருவா."

"ஏற்கனவே நிறுத்தியாச்சுன்னு கேள்விப்பட்டேன்" என்றான் தம்பி.

"எவன்டா சொன்னது?"

"அண்ணிதான் சொன்னாங்க."

முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினார். எழுபத்தெட்டு. "பாத்தியா, கொமரன்லா நான்" என்றார்.

மறுபடி என் கைக்கு வந்தது. முப்பத்தேழு.

தம்பி என் கையைப் புரட்டிப் பார்த்தான்.

"கறைக்கா. எலைக் கறை. மணிக்கட்டு வரைக்கும் கறுத்துப் போயிருக்கு. வெளக்கு வெளிச்சம் உள்ள எறங்கல."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. அந்த மூன்று பேரும் இலை வெட்டுகிறவர்கள் இல்லை. வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் வேலை, மூட்டை ஏற்ற லோரியோடு வந்திருந்தார். கறை என் கையில் மட்டும்தான். கங்காணி தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நறுக்கினார். வீட்டுக்காரர் அதை வைத்து என் மணிக்கட்டைத் தேய்த்தார். சட்டி அடியைத் தேய்ப்பதுபோல் தேய்த்தார். பீலிக் குழாய்த் தண்ணீர் ஊற்றினார், மறுபடி தேய்த்தார். தோல் சிவந்தது. தண்ணீர் சில்லென்று இருந்தது. தன் சட்டையால் துடைத்துவிட்டுக் கடிகாரத்தைக் கட்டினார்.

நாலு பேரும் குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் வெறும் கோடு ஓடியது. பிறகு முப்பத்தெட்டு.

"இன்னும் கறை இருக்கு மாமா" என்றான் தம்பி. "சுருக்கத்துக்குள்ள பாருங்க."

"இருக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். "வாட்ச விடு. கையில பாப்போம்."

அவர் நாடி பிடித்து நான் பார்த்ததில்லை. தொழிற்சாலையில் முதலுதவி சொல்லிக்கொடுத்தபோது காட்டினார்களாம். கங்காணி நிமிஷம் பார்க்கப் போனை எடுத்தார்.

"அம்பதுக்கு மேல இருந்தா விட்டுருவோம்" என்றான் தம்பி. "கீழ இருந்தா லோரில ஏறணும். எலைய அப்பறம் எறக்கிக்கலாம். சரியாக்கா?"

வெட்டிய இலை லோரியிலேயே கிடந்தால் சூடேறிக் கெட்டுப்போகும். அவனுக்குத் திட்டு விழும். அதை அவன் சொல்லவில்லை.

"சரி" என்றேன்.

விரலுக்குத் துடிப்பு கிடைக்க நேரமானது. இரண்டு தடவை இடம் மாற்றினார். பிறகு தலையை ஆட்டினார். கங்காணி "ம், எண்ணு" என்றார்.

மூட்டை எண்ணிப் பழகியவர். சத்தமாகத்தான் எண்ண வரும். ஒன்று என்றார். இரண்டு என்றார். நடுவில் கூரைத் தகரத்திலிருந்து சொட்டு விழுவது கேட்டது. இருபதைத் தாண்டியதும் அவர் குரல் இறங்கியது. தம்பி முடிவுக்கு நிற்கவில்லை. வெளியே போனான். லோரி ஸ்டார்ட் ஆகும் சத்தம் வந்தது. அவர் விரலை எடுக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிமிஷம் ஆச்சு" என்றார் கங்காணி.

முப்பத்தொன்பது.